கொறங்காட்டின் புல்லும் பட்டியின் தலைக்கணக்கும்

கால்நடை வளர்ப்புக்குக் கடன் வேண்டிச் சங்கங்களுக்கு வரும் விண்ணப்பங்களைப் பார்வையிடும்போது ஒரு செய்தி நமக்குத் தெளிவாகப் புலப்படுகிறது. வாங்கவிருக்கும் ஆடுகள் எத்தனை, கொட்டகையின் நீள அகலம் என்ன, ஈடு யாது, பிணையாளர் யார் என்பனவெல்லாம் அவற்றில் நிறைவாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்த ஆடுகள் தின்னப்போகும் புல் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எத்தனை மாதங்களுக்கு வரும் என்பதைக் குறிப்பதற்கு மட்டும் இடமே இல்லை. பாவு பத்து கெஜத்துக்கு ஓட்டியிருக்கையில் இருபது கெஜத் துணிக்கு ஒப்புக்கொள்ளும் நெசவாளர் நம்மிடையே கிடையாது. ஆனால் நான்கு ஏக்கர் புல்லை வைத்துக்கொண்டு நாற்பது ஆடுகளுக்குக் கடன் கேட்கும் அங்கத்தினர்கள் உண்டு. கொடுக்கும் சங்கங்களும் உண்டு.

2019ஆம் ஆண்டு முதல் கிசான் கடன் அட்டையின் வழியே கால்நடை வளர்ப்பின் நடைமுறைச் செலவுகளுக்கும் கடன் பெற வழி ஏற்பட்டிருப்பதால், இவ்விண்ணப்பங்கள் பெருகி வருகின்றன. பெருகுவது நன்றே. ஆயினும் பணம் வந்த வேகத்தில் புல் வளர்வதில்லை. ஆகவே, சிறு குடும்பம் ஒன்று தன் சொந்த நிலத்தில், பிராணிகளைத் துன்புறுத்தாமலும் நிலத்தைப் பாழாக்காமலும் ஆடுமாடுகளை வளர்ப்பது எங்ஙனம் என்பதை, நம் கொங்கு நாட்டுக் கொறங்காட்டை முன்வைத்து இங்கே விளக்க விரும்புகிறோம்.

கொறங்காடு என்பது யாது?

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரங்களிலும் அவற்றை அடுத்த கரூர்ப் பகுதியிலும் வாழ்வோருக்கு இக்கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். ஆயினும் ஆற்றுப் பாசனத்தில் வாழும் அங்கத்தினர்களும் இவ்விதழைப் படிப்பதால் சிறிது சொல்லியாக வேண்டும்.

இவ்வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். சித்திரை, வைகாசியில் சில கோடை மழைகள் கிடைக்கும். ஆனி, ஆடியிலோ பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஈரம் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு போகும். இத்தகைய நிலத்தை ஆண்டுதோறும் உழுது விதைத்தால் மேல்மண் காற்றோடு போய்விடும் என்பதை நம் முன்னோர் கண்டுகொண்டனர். ஆதலின் நிலத்தின் ஒரு பகுதியை உழாமல் புல்லுக்கென்றே ஒதுக்கி, சுற்றிலும் உயிர்வேலி வளர்த்து, உள்ளே மரங்களை நிறுத்தி, அதில் ஆடுமாடுகளை மேயவிட்டனர். இதுவே கொறங்காடு. இது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் அன்று. பட்டாவில் உள்ள சொந்த நிலம். அடைப்பு ஒவ்வொன்றும் பெரும்பாலும் நான்கு ஏக்கர் அளவினது.

இதனைத் தாங்கி நிற்பவை மூன்று. தரையில் கொழுக்கட்டைப் புல். அதற்கு மேல் வெள்வேல் மரம். வரப்பில் கிளுவை வேலி. மூன்றும் வறட்சியைத் தாங்கக் கூடியவை. ஒன்றுக்கொன்று உதவக் கூடியவை. கொழுக்கட்டைப் புல் கோடையில் காய்ந்து சருகானாலும் அடித்தூர் சாவதில்லை. ஒரு மழைக்குப் பச்சை காட்டும். அதன் இடையே நரிப்பயறு, செப்பு நெருஞ்சி போன்ற பயற்றினச் செடிகள் தாமே முளைத்துப் புரதச் சத்தைக் கூட்டுகின்றன. வெள்வேல் நிழல் தருகிறது. புல் இல்லாத கோடையில் காய்களை உதிர்க்கிறது. அக்காய்களை ஆடுகள் விரும்பித் தின்னும். கடினமான விதைகள் வயிற்றினூடே சென்று புழுக்கையோடு வெளிவந்து, அடுத்த மழையில் முளைக்கும். மரம் நட ஆள் வேண்டுவதில்லை. அண்மையில் சில இடங்களில் வெள்வேலை வெட்டிவிட்டு, வேலிக்காத்தானை வளரவிடுகிறார்கள். இரண்டும் முள்மரமே, இரண்டும் காய்ப்பனவே என்பது அவர்கள் எண்ணம். வேலிக்காத்தானின் கீழ்ப் புல் நில்லாது என்பதை ஒருமுறை அதன் நிழலில் குனிந்து பார்த்தாலே அறியலாம்.

கிளுவையைப் பற்றித் தனியே ஒரு சொல். மழைக் காலத்தில் போத்துகளாக நட்டால் வேரூன்றிக்கொள்ளும் இம்முட்செடி, சில ஆண்டுகளில் மாடு நுழையாத வேலியாகிவிடுகிறது. நுழைவாயிலில் ஒரு படல் வைத்துச் சாத்திவிட்டால், உள்ளே மேயும் மாட்டுக்கு மேய்ப்பவன் வேண்டுவதில்லை. கணவன் தறியிலும் மனைவி தார் சுற்றுவதிலும் இருக்கும் வீட்டுக்கு இது எத்தகைய உதவி என்பதைச் சென்னிமலைப் பக்கத்து அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கம்பிவேலிக்கு ஆகும் செலவை நினைத்து மலைப்பவர்கள், தாத்தா நட்ட கிளுவையைப் பிடுங்கி எறிந்தவர்களாகவே பெரும்பாலும் இருக்கின்றனர்.

இந்நிலத்திற்கேற்ற கால்நடைகள்

காங்கேயம் மாடும் மேச்சேரிச் செம்மறியும் இந்நிலத்தில் உருவானவை. காங்கேயம் இனத்தைத் தேர்ந்து பெருக்கியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் பங்கு அனைவரும் அறிந்தது. கன்று செந்நிறமாய்ப் பிறந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளைக்குத் திமிலும் முன்பின் பகுதிகளும் கறுத்திருக்கும். காய்ந்த புல்லையும் சோளத்தட்டையும் தின்று, வெயிலில் நின்று, நோய்க்கு எளிதில் ஆளாகாமல் வாழும் இயல்பு இதற்கு உண்டு. மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி மயிர் கிடையாது. குறுமயிர் போர்த்த அதன் தோல் தோல் வணிகத்தில் பெயர் பெற்றது. இவ்வினத்துக்கெனச் சேலம் மாவட்டத்துப் பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நலம். காங்கேயம் பசு பால் மாடு அன்று. கன்றுக்குப் போக ஒரு வீட்டுக்குப் போதும் அளவே கறக்கும். பால் சங்கத்துக்கு ஊற்றி மாதந்தோறும் பணம் பெறலாம் என எண்ணி இதை வாங்குவோர் ஏமாறுவர். இதன் வருவாய் காளைக் கன்றிலும் எருவிலும் உழைப்பிலும் இருக்கிறது. அதற்குமேல், தீவனம் வாங்கும் செலவு இல்லாமையில் இருக்கிறது. கலப்பினப் பசுவை வெயிலில் கொறங்காட்டில் விடுவதும், காங்கேயம் பசுவைக் கொட்டகையில் கட்டிப்போட்டுக் கலப்புத் தீவனம் வைப்பதும் ஒரே வகைப் பிழைதான்.

புல்லை நிறுத்துப் பார்த்தல்

இனி, விண்ணப்பத்தில் விடுபட்ட கேள்விக்கு வருவோம். நான்கு ஏக்கர் எத்தனை ஆட்டைத் தாங்கும்? இதற்குப் பொதுவான விடை கிடையாது. மண்ணுக்கு மண், மழைக்கு மழை மாறும். ஆனால் தம் காட்டின் விடையை ஒவ்வோர் அங்கத்தினரும் தாமே கண்டறியலாம். அதற்கு ஒரு தராசும் நான்கு குச்சிகளும் போதும்.

கார்த்திகை முடிவில், புல் முற்றிக் கதிர் விட்டபின், ஆடு மாடு உள்ளே புகுமுன், காட்டில் ஐந்தாறு இடங்களில் ஒரு மீட்டர்ச் சதுரம் அடித்துக்கொள்ள வேண்டும். நல்ல இடமாகப் பார்த்து அடிக்கக் கூடாது. நடந்துகொண்டே கல்லை வீசி, விழுந்த இடத்தில் அடிப்பது நேர்மையானது. உள்ளே உள்ள புல்லை அறுத்து, வெயிலில் மொறமொறவென்று காய வைத்து, நிறுத்துச் சராசரி காண வேண்டும். ஓர் ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். கணக்குக்காகச் சதுர மீட்டருக்கு 200 கிராம் எனக் கொள்வோம். அப்படியானால் ஏக்கருக்கு ஏறக்குறைய 800 கிலோ காய்ந்த புல் நிற்கிறது. கோடை மழைக்குப் பின் மீண்டும் தழைத்தால், அதையும் இவ்வாறே அளந்து தனியே கூட்டிக்கொள்ளலாம்.

இந்த 800 கிலோவும் ஆட்டுக்குரியது அன்று. பாதியைக் காட்டிலேயே விட்டாக வேண்டும். இதனைச் சொல்லும்போது முகம் சுளிக்காத அங்கத்தினரை நாம் இன்னும் காணவில்லை. தம் புல்லைத் தம் ஆடு தின்பதற்கு யாரிடம் கேட்பது என்பார்கள். காரணம் இதுதான்: புல்லின் வேர் உண்பது இலை சமைத்துத் தரும் உணவை. இலையை அடியோடு கடித்த பின், தூரில் சேர்த்து வைத்த சத்தைக் கொண்டு புல் மறுபடி துளிர்க்கிறது. துளிர்த்த உடனே மறுபடி கடித்தால் அந்தச் சேமிப்பும் தீர்ந்து வேர் சுருங்குகிறது. வேர் சுருங்கிய புல் அடுத்த வறட்சியில் மடிகிறது. அது மடிந்த இடத்தில் பார்த்தீனியமும் ஆடு தொடாத பிற களைகளும் குடியேறுகின்றன. விட்டுவைத்த பாதி வீணாவதில்லை. ஆடிக் காற்றில் மண்ணைப் பிடித்துக்கொள்வது அதுவே. ஐப்பசி மழை ஓடாமல் உள்ளே இறங்கச் செய்வதும் அதுவே.

ஆக, ஏக்கருக்கு 400 கிலோ. நான்கு ஏக்கருக்கு 1,600 கிலோ. ஒரு பிராணி ஒரு நாளைக்குத் தன் உடல் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு காய்ந்த தீவனம் தின்னும் என்பது செம்மறிக்குப் பொருந்தும் கணக்கு. 25 கிலோப் பெட்டையாடு முக்கால் கிலோ தின்னும். ஆண்டுக்கு ஏறக்குறைய 275 கிலோ. மாட்டுக்கு நூற்றுக்கு இரண்டரை பங்கு எனக் கொண்டால், 300 கிலோ பசு நாளைக்கு ஏழரைக் கிலோ. ஆண்டுக்கு 2,700 கிலோவுக்கு மேல். அதாவது ஒரு பசு பத்து ஆடுகளுக்குச் சமம். இக்கணக்கின்படி, மேற்சொன்ன நான்கு ஏக்கர், ஆண்டு முழுவதும் புல்லை மட்டும் நம்பினால், ஆறு பெட்டையாடுகளைக்கூட முழுமையாகத் தாங்காது. எட்டு மாதம் மட்டும் காட்டில் மேய்த்து, எஞ்சிய நான்கு மாதம் சோளத்தட்டு, அறுவடைத் தாள், வெள்வேல் காய் ஆகியவற்றால் சமாளித்தால் எட்டு ஆடு வரை செல்லலாம். புல் இரு மடங்கு அடர்ந்த காட்டுக்குப் பதினாறு. நாற்பது என்பது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

நாற்பது ஆடு வைத்து நடத்துகிறவர்கள் இல்லையா எனில், இருக்கிறார்கள். அவர்கள் அடுத்தவர் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருப்பார்கள். அல்லது தட்டும் தவிடும் விலைக்கு வாங்குவார்கள். அல்லது தம் காட்டின் வேரைத் தின்னக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது வகையினர் மூன்றாம் ஆண்டில் சங்கத்துக்குத் தவணை தவறுகிறார்கள்.

மேய்க்கும் முறை

மழை பெய்து புல் துளிர்த்ததும் படலைத் திறந்துவிடும் ஆசையை அடக்க வேண்டும். கதிர் விட்டு விதை உதிரும் வரை காட்டைச் சாத்தி வைப்பதே பழைய வழக்கம். அந்த ஆறேழு வாரங்களுக்குத்தான் முந்தைய ஆண்டுச் சோளத்தட்டுப் போரும், புறம்போக்கு மேய்ச்சலும் கைகொடுக்க வேண்டும். பின்பு முதலில் மாட்டை விடுவது முறை. மாடு நாவால் சுழற்றி உயர்ந்த புல்லை அறுக்கும். ஆடு உதட்டால் தேர்ந்து தரையோடு கடிக்கும். மாடு மேய்ந்து போனபின் ஆடு புகுந்தால் இரண்டுக்கும் உணவு உண்டு. மற்றொரு நன்மையும் இதில் அடங்கியிருக்கிறது. மாட்டின் குடற்புழுக்களும் ஆட்டின் குடற்புழுக்களும் பெரும்பாலும் வேறு வேறு இனம். ஒன்றின் சாணத்தில் கிடந்த புழுவை மற்றொன்று தின்றால் அது வளராமல் அழிகிறது. ஆட்டின் புழுக்குஞ்சுகளோ, காடு சில வாரம் காலியாய்க் கிடந்து வெயில் காய்ந்தால் பெரும்பகுதி மடிந்துபோகின்றன. ஒரே அடைப்பில் ஆண்டு முழுவதும் கிடக்கும் ஆடு தன் புழுக்கையிலிருந்தே மீண்டும் மீண்டும் புழுவை வாங்கிக்கொள்கிறது. மருந்துக் கடைக்காரருக்கு இதனால் நட்டமில்லை.

புழு நீக்க மருந்தை எல்லா ஆட்டுக்கும் நாள் குறித்து ஊற்றுவதைவிட, கீழ் இமையை விலக்கிப் பார்த்து, சிவப்பு மங்கி வெளுத்திருக்கும் ஆட்டுக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்டுக் கொடுப்பது மேல். எல்லாவற்றுக்கும் ஊற்றிக்கொண்டே போனால் மருந்துக்கு அஞ்சாத புழுக்களே எஞ்சும்.

ஒரு காடு மட்டும் வைத்திருப்பவர் அதற்கு ஓய்வு கொடுப்பது எங்ஙனம்? நடுவே ஒரு கிளுவை வரிசை நட்டு இரண்டாக்கலாம். இதைவிடச் சிறந்தது, அடுத்தடுத்துக் காடு உள்ள மூன்று அங்கத்தினர்கள் கூடி, மூவர் ஆட்டையும் ஒரே மந்தையாக்கி, முதல் காட்டில் மேய்ந்தபின் இரண்டாவது, பிறகு மூன்றாவது எனச் சுற்றி வருவது. எந்த நேரத்திலும் இரண்டு காடுகள் ஓய்வில் இருக்கும். இதில் சச்சரவு எழும் இடம் ஒன்றே ஒன்று: ஒருவர் சொல்லாமல் இரண்டு ஆடு கூட்டிவிடுவது. ஆதலின் இன்னாருக்கு இத்தனை தலை என்பதைச் சங்கச் செயலாளர் முன்னிலையில் எழுதி, குட்டிகளை மூன்று மாதத்தில் கணக்கில் சேர்க்க வேண்டும். அடையாளத்துக்குக் காதில் வில்லையோ முதுகில் சாயமோ போதும். காய்ச்சிய இரும்பு வேண்டியதில்லை.

பிராணிகளிடம் நடந்துகொள்ளும் முறை

ஜீவகாருண்யம் என்பது தனியே ஒரு செலவு என்று கருதுவோர் உண்டு. கொறங்காட்டில் அதன் பெரும்பகுதி தானே அமைந்துவிடுகிறது. பிராணி நினைத்த இடத்துக்கு நடக்கிறது. நிழல் வேண்டுமானால் மரத்தடிக்குப் போகிறது. கன்று தாயோடு இருக்கிறது. நாம் செய்ய வேண்டியவை எஞ்சியவை சிலவே. ஆனால் அவற்றில்தான் நாம் தவறுகிறோம்.

முதலாவது தண்ணீர். கோடையில் செம்மறிக்கு நாளைக்கு மூன்று முதல் ஐந்து லிட்டரும், மாட்டுக்கு நாற்பது லிட்டருக்குக் குறையாமலும் வேண்டும். தொட்டியைப் பாசி பிடிக்காமல் கழுவிச் சுண்ணாம்பு பூசி வைக்க வேண்டும். ஒரு தாது உப்புக்கட்டியைத் தொட்டிக்கருகே தொங்கவிடலாம்.

பிறந்த கன்றுக்கும் குட்டிக்கும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திற்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். நஞ்சுக்கொடி விழும் வரை சீம்பால் கொடுக்கக் கூடாது என்னும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் மறையவில்லை. நோயை எதிர்க்கும் சத்து சீம்பாலில்தான் இருக்கிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் ஆற்றலோ மணிக்கு மணி குட்டியின் குடலில் குறைந்துகொண்டே போகிறது. தாமதித்துக் கொடுத்த சீம்பால் வெறும் பால்தான். செம்மறியின் சினைக்காலம் ஐந்து மாதம். கிடாயை ஆண்டு முழுவதும் மந்தையில் விடாமல் ஆனி நடுவில் சேர்த்தால், குட்டிகள் கார்த்திகை நடுவில், புல் இருக்கும் நாளில் விழும். பங்குனியில் விழும் குட்டிக்குத் தாயிடம் பால் இராது.

காயடித்தலை ஊர் ஆளைக் கொண்டு கல்லால் நசுக்கிச் செய்யும் பழக்கம் அறவே ஒழிய வேண்டும். மருத்துவமனையில் உரிய கருவியால், வலி மரக்கும் ஊசி போட்டுச் செய்துகொள்ளலாம். நோய்க்குச் சூடு போடுவதும் அவ்வாறே. சூட்டுக் காயத்தில் புழு வைத்து மாடு இறந்ததுண்டு; சூட்டால் நோய் தீர்ந்ததில்லை. அவசரத்துக்கு 1962 என்னும் தொலைபேசி எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

தடுப்பூசிகளில் ஒன்றை மட்டும் இங்கே வற்புறுத்துவோம். மழை பெய்து இளம்புல் கிளம்பியதும், கொழுத்த ஆடாகப் பார்த்துத் திடீரென்று துள்ளி விழுந்து சாகும், இது துள்ளுமாரி. பட்டினியாயிருந்த ஆடு இளம்புல்லை வயிறு முட்டத் தின்பது இதற்கு வழிவிடுகிறது. மழைக்கு முன்பே ஊசி போடுவதும், முதல் சில நாட்கள் காய்ந்த தட்டைத் தின்னவிட்டு அரை வயிற்றோடு காட்டுக்குள் விடுவதும் தற்காப்பு. ஆட்டுக்கொல்லி, கோமாரி முதலியவற்றுக்குக் கால்நடைத் துறையினர் ஊருக்கே வந்து போடும் ஊசி நாட்களைச் சங்கப் பலகையில் எழுதி வைத்தால் போதும். மழை குறைந்து வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் ஆடுமாட்டை விட்டால் நச்சு ஏறிச் சாகும் என்பதைப் பெரியவர்கள் அறிவர். புதிதாகப் பண்ணை வைப்போர் அறிவதில்லை.

அடுத்து நாய். 2024, 2025ஆம் ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில் பகுதிகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறியதும், ஆடு வளர்ப்போர் நட்டஈடு கோரிப் போராடியதும் அங்கத்தினர்கள் மறந்திருக்க முடியாது. கிளுவை வேலி மாட்டைத் தடுக்குமே அன்றி நாயைத் தடுக்காது. இரவில் ஆடுகளை உயரமான கம்பி வலையடித்த பட்டியில் அடைப்பது இன்று தவிர்க்க முடியாத செலவாகிவிட்டது; இதற்குச் சங்கங்கள் கடன் கொடுப்பது ஆடு வாங்கக் கொடுப்பதைவிட முதன்மையானது என்பது நம் கருத்து. அதனோடு, கோழிக்கழிவையும் செத்த பிராணிகளையும் காட்டோரத்தில் வீசி எறிவதை நிறுத்தாமல் நாயைக் குறை கூறிப் பயனில்லை. அந்தச் சுவையில் பழகிய நாய்தான் பட்டிக்கு வருகிறது.

சந்தைக்குக் கொண்டு செல்லும் கடைசிப் பயணத்திலும் சட்டம் உண்டு. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1978இல் செய்த போக்குவரத்து விதிகளின்படி, ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது. கால் மடக்கிக் கட்டி அடுக்கிய ஆடு வழியில் இளைக்கும், அடிபடும். அதற்கேற்பவே சந்தையில் விலை கேட்பார்கள்.

விற்கும் காலம்

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 சனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கோடையில் ஒரே வாரத்தில் எல்லோரும் சந்தைக்கு ஓட்டினர்; எலும்பும் தோலுமாய் நின்ற மாடுகள் கேட்ட விலைக்குப் போயின. வறட்சி திடீரென்று வருவதில்லை. கார்த்திகை முடிவில் புல்லை நிறுக்கும்போதே அவ்வாண்டு எத்தனை தலை தாங்கும் என்பது தெரிந்துவிடுகிறது. மிகுதியைத் தையிலேயே, உடம்பில் சதை இருக்கும்போதே, விற்றுவிட வேண்டும். கிழடு, மலடு, இருமுறை குட்டி தங்காதது ஆகியவை முதலில். நல்ல பெட்டைகள் கடைசியில். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை வரை பொறுக்கலாம் என்று கருதுபவர், அதுவரைக்குமான தட்டுப்போர் வைத்திருக்கிறாரா என்று எண்ணிப் பார்க்கட்டும். கடன் தவணையும் தையிலோ மாசியிலோ விழும்படி சங்கங்கள் அமைத்தால், விற்பவருக்கு அது ஒரு தூண்டுதலாகவும் இருக்கும். ஆடியில் தவணை விழுமாறு வைத்திருக்கும் சங்கத்தின் எண்ணம் என்னவென்று நமக்கு விளங்கவில்லை.

குத்தகைக் காடுகள்

இவையெல்லாம் சொந்தக் காட்டுக்குச் சொன்னவை. இன்று கொறங்காடுகளில் பல, உரிமையாளர் ஊரில் இல்லாமல், ஆண்டுக் குத்தகையில் இருக்கின்றன. ஓராண்டுக் குத்தகைக்காரர் பாதிப் புல்லை யாருக்காக விட வேண்டும்? அடுத்த ஆண்டு காடு அவர் கையில் இருப்பது உறுதியில்லை. அவர் தூரோடு மேய்த்துவிட்டுப் போவதைப் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒப்பந்தமே அவ்வாறு செய்யத் தூண்டுகிறது. தேய்ந்த காட்டைப் பார்த்த உரிமையாளர், இதில் இனி என்ன இருக்கிறது என்று மனைப்பிரிவுக்கோ சூரிய மின்நிலையத்துக்கோ விற்றுவிடுகிறார். பின்பு அந்தக் காடு திரும்புவதில்லை; குத்தகைக்கு மேய்த்த சிறு குடும்பம் ஆட்டை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறது.

மூன்று ஆண்டு அல்லது ஐந்து ஆண்டுக் குத்தகை, அதில் தலைக்கணக்குக்கு ஒரு வரம்பு, மழைக்காலத்தில் காட்டைச் சாத்தி வைக்கும் வாரங்கள், வெள்வேலை வெட்டலாகாது என்னும் நிபந்தனை ஆகிய நான்கையும் எழுத்தில் கொண்டுவந்தால் நிலைமை மாறும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். நீண்ட குத்தகை என்றால் நிலமே கைவிட்டுப் போகுமோ என்று உரிமையாளர் அஞ்சுவதும் உண்டு. இருவரும் அங்கத்தினராயிருக்கும் இடங்களில் சங்கம் நடுநின்று, குத்தகைப் பணத்தைத் தன் வழியே செலுத்தச் செய்து, ஆண்டுக்கொருமுறை காட்டைப் பார்வையிட்டுப் பதிவேட்டில் குறித்தால் அந்த அச்சம் பெரிதும் குறையும் என எண்ணுகிறோம். இது ஏதேனும் ஒரு சங்கத்தில் தொடங்கிப் பார்க்கத்தக்கது.

தேய்ந்த காட்டைத் திருத்துதல்

தூர் அற்றுப்போன காட்டையும் மீட்கலாம், பொறுமை வேண்டும். மழைக்கு முன் மேலாக ஓர் உழவு போட்டு, ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ கொழுக்கட்டைப் புல் விதை தூவ வேண்டும். விதை பஞ்சுபோலப் பறக்குமாதலால் ஈரமண்ணோடு பிசைந்து தூவுவது வழக்கம். அதை ஆழமாக மூடக் கூடாது. முதல் ஆண்டு ஆடே விடலாகாது. முற்றிய புல்லை அறுத்து எடுத்துக்கொள்ளலாம். வெள்வேல் காய் தின்ற ஆடுகளை வேறிடத்தில் பட்டி போட்டு, அந்தப் புழுக்கையைக் கொண்டுவந்து சிதறினால் மரமும் கிளம்பும். அது ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வரும் வரை முள் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

நல்ல காடு வைத்திருக்கும் அங்கத்தினர்கள் மார்கழியில் புல் விதையை உருவிச் சங்கத்துக்குக் கொண்டுவந்தால், அதை வாங்கி வைத்துத் தேவைப்படுவோருக்குக் கொடுக்கலாம். புதிதாய்ப் பறித்த விதை பல மாதங்கள் உறங்கும் இயல்புடையது; உடனே விதைத்தால் முளை குறையும். ஆதலின் சாக்கின் மேல் பறித்த மாதத்தை எழுதி, எலி எட்டாத இடத்தில் அடுத்த புரட்டாசி வரை வைத்திருந்து கொடுக்க வேண்டும்.